விளக்கு எரிகிறது, கணினி விழிக்கவில்லை!

வீட்டிலுள்ள மேசைக் கணினி ஒரு நாள் திடீரென்று மௌன விரதம் பூண்டுவிடுகிறது. சுவிச்சை அழுத்தினால் பெட்டியின் முகப்பில் விளக்கு எரிகிறது. உள்ளே காற்றாடி சுழலும் ஓசையும் கேட்கிறது. ஆனால் வழக்கமான காட்சி மட்டும் திரையில் தோன்றவில்லை. சில வேளைகளில் திரை இருண்டே கிடக்கிறது. சில வேளைகளில் கறுப்புப் பின்னணியில் இரண்டொரு ஆங்கில வரிகள் தோன்றி அவ்வளவில் நின்றுவிடுகின்றன. இன்னும் சில வேளைகளில் விண்டோஸின் சின்னம் தோன்றி, மறைந்து, மீண்டும் முதலிலிருந்தே ஆரம்பிக்கிறது.

உயர்தர வகுப்பில் படிக்கும் மகன் மறுநாள் ஒப்படைக்க வேண்டிய செயற்றிட்ட அறிக்கை அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. மூத்த மகளின் திருமணப் படங்களும் அதனுள்ளேதான் இருக்கின்றன. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தத்தம் அறிவுக்கு எட்டியவாறு வைத்தியம் செய்யத் தொடங்குகின்றனர். ஒருவர் சுவிச்சைப் பத்து முறை அழுத்துகிறார். மற்றொருவர் பெட்டியின் தலையில் தட்டிப் பார்க்கிறார். மூன்றாமவரோ, "கடைக்குக் கொண்டுபோய்ப் போர்மட் பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்.

இம்மூவருள் மூன்றாமவருடைய தீர்ப்பே பேரபாயம் விளைக்கத்தக்கது. கணினியின் உறுப்புக்கள் யாவும் கடையில் வாங்கத்தக்கவை. அவற்றுள் எது பழுதானாலும் பணம் கொடுத்து வேறொன்று பெறலாம். ஆனால் பல ஆண்டுகளாக அதனுள்ளே நாம் சேர்த்து வைத்த எழுத்தும் படமும் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பதில்லை. ஆதலின், விழிக்க மறுக்கும் கணினியைக் கண்டதும் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "இதை எப்படி உடனே ஓடச் செய்வது?" என்பதன்று, "இஃது எந்தப் படியில் நின்றுவிட்டது?" என்பதேயாம். இக்கேள்விக்கு விடை காண்பதற்குப் பெரிய தொழில்நுட்ப ஞானம் வேண்டியதில்லை. கண்ணும் காதும் சிறிது பொறுமையும் இருந்தாற் போதும்.

கணினி துயிலெழும் முறை

கணினியைத் தொடக்குவதை ஆங்கிலத்தில் 'பூட்' செய்தல் என்பர். சப்பாத்தின் பின்புறத்தில், அதைக் காலில் இழுத்து மாட்டுவதற்கென ஒரு வார் வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். அதற்குப் 'பூட்ஸ்ராப்' என்று பெயர். தன் சப்பாத்தின் வாரைத் தானே பிடித்துத் தன்னை மேலே தூக்கிக்கொள்வது என்பது மேனாட்டார் வழங்கும் ஒரு பழமொழி. செய்ய இயலாத காரியத்தைக் குறிக்க எழுந்த அச்சொல் கணினிக்கு வந்ததற்குத் தக்க காரணம் உண்டு. கணினி எந்த வேலையைச் செய்வதற்கும் ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைப்பதும் ஒரு வேலையே. அதற்கும் ஒரு நிரல் வேண்டும். அவ்வாறாயின் முதல் நிரலை உள்ளே கொண்டுவருவது யார்?

முற்காலத்தில் இதனை மனிதரே செய்தனர். 1952 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட ஐ. பி. எம். 701 என்னும் பெருங்கணினியில் இதற்கெனவே ஒரு பொத்தான் இருந்தது. அதனை அழுத்தியதும் துளையிட்ட அட்டையிலிருந்தோ நாடாவிலிருந்தோ முதற் கட்டளை உள்ளே செல்லும். அக்கட்டளை அடுத்ததை அழைக்கும். 1975 இல் வெளிவந்த ஆல்ரெயர் 8800 என்னும் சிறு கணினியை வாங்கியோர், முகப்பிலிருந்த சிறு சுவிச்சுக்களை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளி முதல் நிரலைத் தம் கையாலேயே புகுத்த வேண்டியிருந்தது. 1981 ஆகஸ்ட் 12 ஆந் திகதி ஐ. பி. எம். நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணினியிலோ, அம்முதல் நிரல் தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறு சில்லில் நிரந்தரமாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் 'பயோஸ்' என்று பெயர். இன்று அதன் இடத்தை 'யூ. ஈ. எப். ஐ.' என்னும் புதிய நிரல் பெற்றுவிட்ட போதிலும், பழகிய நாவுக்கு அது பயோஸ் ஆகவே இருந்து வருகிறது.

இன்றைய கணினி துயிலெழுவதை ஐந்து படிகளாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது, மின்வழங்கி என்னும் இரும்புப் பெட்டி நம் வீட்டு 230 வோல்ற்று மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ற்றுக்களாக மாற்றுகிறது. அவை யாவும் சீரான பின்னரே, "மின் ஆயத்தம்" என்று தாய்ப்பலகைக்கு ஒரு சைகை அனுப்புகிறது. இரண்டாவது, மத்திய செயற்பாட்டு அலகு விழித்துப் பயோஸின் முதற் கட்டளையை வாசிக்கிறது. மூன்றாவது, பயோஸானது நினைவகம், திரைக்குரிய பகுதி, விசைப்பலகை முதலியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. நான்காவது, பணிசெயல் முறைமை எந்த வட்டில் இருக்கிறது என்று தேடுகிறது. ஐந்தாவது, அவ்வாறு கண்டுபிடித்த விண்டோஸையோ வேறொன்றையோ நினைவகத்துக்கு ஏற்றி, ஆட்சியை அதன் கையில் ஒப்படைக்கிறது.

முகப்பு விளக்கும் காற்றாடியும் நமக்கு எதனைத் தெரிவிக்கின்றன என்பது இப்பொழுது விளங்கும். அவை முதற்படியின் ஒரு பகுதிக்கு மட்டுமே சாட்சி கூறுகின்றன. காற்றாடி சுழல்வதற்கு 12 வோல்ற்று வழி இருந்தாற் போதும். ஏனைய வழிகள் சீராக உள்ளனவா என்பதை அது சொல்லாது. "காற்றாடி சுற்றுகிறது, ஆகவே மின்சாரத்திற் குறையில்லை" என்று முடிவு செய்வது, மூச்சு வருகிறது, ஆகவே நோயில்லை என்று சொல்வதை ஒக்கும்.

பெட்டியைத் திறக்குமுன்

பல வேளைகளிற் குற்றம் பெட்டிக்கு உள்ளே இருப்பதில்லை. ஆதலின் வெளியே உள்ளவற்றை முதலில் நோக்குதல் வேண்டும்.

திரைக்கு மின்சாரம் செல்கின்றதா? அதன் சிறு விளக்கு எரிகின்றதா? திரையில் ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்கள் இருப்பின், வயர் செருகப்பட்ட வாயிலையே அது நோக்கிக் கொண்டிருக்கின்றதா? பெட்டியின் பின்புறத்திலே திரை வயரைச் செருகுவதற்கு ஈரிடங்கள் இருப்பதுண்டு. ஒன்று தாய்ப்பலகையைச் சேர்ந்தது, மற்றையது தனியாகப் பொருத்திய வரைவியல் அட்டையைச் சேர்ந்தது. அட்டை இருக்குமாயின் வயர் அதிலேயே செருகப்படுதல் வேண்டும். வீட்டைக் கூட்டித் துடைத்த பின்னர் வயரைத் தாய்ப்பலகையின் வாயிலிற் செருகிவிட்டு, கணினி இறந்துவிட்டதென்று கலங்குவோர் பலர். இன்ரெல் நிறுவனத்தின் செயற்பாட்டு அலகுகளிற் பெயர் 'எப்' என்னும் எழுத்தில் முடியும் வகைகளுக்குத் திரைக்காட்சியை உண்டாக்கும் ஆற்றலே இல்லை. அத்தகைய கணினியிலே தாய்ப்பலகையின் வாயில் எக்காலத்தும் இருண்டே இருக்கும்.

அடுத்து, விசைப்பலகையையும் சுட்டியையும் தவிர ஏனைய யாவற்றையும் கழற்றிவிடுக. அச்சுப்பொறி, பென் டிரைவ், வெளி வன்தட்டு, கமெரா ஆகிய எதுவும் இருத்தலாகாது. செருகியபடி மறந்துபோன ஒரு பென் டிரைவ் காரணமாகக் கணினி அதனுள்ளே விண்டோஸைத் தேடித் தேடி ஏமாந்து நிற்பதுண்டு.

காத்திருத்தலும் ஒரு மருந்தே. டி. டி. ஆர். 5 என்னும் புதிய வகை நினைவகம் பொருத்திய கணினிகள், முதன்முறை தொடங்கும்போதும், அமைப்புக்கள் அழிந்து மீண்டும் தொடங்கும்போதும், நினைவகத்தைப் பழக்கப்படுத்திக் கொள்வதற்குச் சில நிமிடங்களை எடுத்துக்கொள்ளும். அந்நேரம் முழுவதும் திரை இருண்டே இருக்கும். பொறுமையிழந்து சுவிச்சை அழுத்துபவர் அந்த வேலையை மீண்டும் மீண்டும் முதலிலிருந்து செய்விக்கிறார் என்பதை அறிதல் வேண்டும்.

திரையில் எழுத்து எதுவும் தோன்றினால் அதனை ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொள்க. அல்லது கைத்தொலைபேசியாற் படம் பிடித்துக்கொள்க. "ஏதோ இங்கிலிசில் வந்தது, போய்விட்டது" என்று திருத்துநரிடம் சொல்வதால் ஒரு பயனுமில்லை.

திரை இருண்டே கிடந்தால்

மேற்கூறியவை யாவும் செய்தும் திரை இருளாகவே இருப்பின், நோய் முதல் மூன்று படிகளுள் ஒன்றில் இருக்கிறது. இங்கே கணினி நம்முடன் பேசுவதற்குத் திரை இல்லை. ஆதலின் அது ஒலியாலும் ஒளியாலும் பேசும். 1981 ஆம் ஆண்டின் ஐ. பி. எம். கணினி, சோதனை யாவும் நன்கு முடிந்ததும் ஒரு முறை குறுகக் கூவும். குறை இருப்பின் நீட்டியும் குறுக்கியும் வேறு விதமாகக் கூவும். இவ்வழக்கம் இன்றும் ஒழியவில்லை. ஆனால் எத்தனை கூவலுக்கு என்ன பொருள் என்பது ஆக்கியோருக்கு ஆக்கியோர் வேறுபடும். ஆகவே தாய்ப்பலகையுடன் தந்த கைந்நூலை எறிந்துவிடாது பேணுதல் வேண்டும். புதிய தாய்ப்பலகைகள் பலவற்றில் நான்கு சிறு விளக்குகள் வரிசையாக இருக்கும். செயற்பாட்டு அலகு, நினைவகம், திரைப்பகுதி, தொடக்க வட்டு என்பவற்றுக்கு ஒவ்வொன்றாக அவை உரியவை. தொடங்கும்போது எந்த விளக்கு எரிந்தபடி நின்றுவிடுகிறதோ, அந்த உறுப்பிலேதான் கணினி தடைப்பட்டிருக்கிறது.

இனிப் பெட்டியைத் திறக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. முதலில் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, சுவிச்சைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னேற்றத்தை வெளியேற்றுக. உறுப்புக்களைத் தொடுமுன் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒரு முறை தொடுக. நம் உடலிற் சேர்ந்த நிலைமின் பாய்வதை நாம் உணர்வதற்குச் சுமார் 3,000 வோல்ற்று வேண்டும். நாம் உணராத அளவினதாகிய மிகக் குறைந்த பாய்ச்சலே நுண்ணிய சில்லுக்களைக் கெடுத்துவிடும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரித்தலாகாது. அதனுள்ளே 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தேங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அது சிறிது நேரம் நிலைத்து நிற்கும். சிறுவர் தனியே இவ்வேலையில் இறங்குதல் கூடாது.

உள்ளே முதலிற் பார்க்க வேண்டியது இணைப்புக்களை. மின்வழங்கியிலிருந்து தாய்ப்பலகைக்கு 24 ஊசிகள் கொண்ட அகன்ற இணைப்பு ஒன்று வரும். அதுவன்றி, செயற்பாட்டு அலகுக்கென நான்கு அல்லது எட்டு ஊசிகள் கொண்ட வேறோர் இணைப்பும் உண்டு. இரண்டாவது இணைப்புக் கழன்றிருந்தால் விளக்கு எரியும், காற்றாடி சுற்றும், வேறெதுவும் நடவாது. நம் தலையங்கம் கூறும் நோய்க்கு இதனினும் பொருத்தமான காரணம் பிறிதில்லை.

அடுத்து நினைவகத் தகடுகள். கடைக்காரர் 'ராம்' என்று வழங்குவது இவற்றையே. வெப்பத்தால் விரிந்தும் குளிர்ச்சியால் சுருங்கியும் வரும் இவை, நாளடைவில் தம் இருக்கையிலிருந்து இம்மியளவு தளர்ந்துவிடுதல் உண்டு. கடலோரத்து உப்புக்காற்றும் மாரிகாலத்து ஈரமும் அவற்றின் தொடுமுனைகளை மங்கச் செய்யும். தகட்டைக் கழற்றி, தொடுமுனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, பக்கக் கொளுவிகள் 'டிக்' என்று பொருந்தும்வரை நேராக அழுத்துக. இரண்டு தகடுகள் இருப்பின், ஒன்றை மட்டும் பொருத்திப் பார்க்க. பின்னர் மற்றையதை அதே இடத்திற் பொருத்திப் பார்க்க. முதலாவதுடன் தொடங்கி இரண்டாவதுடன் தொடங்காவிடின் குற்றம் இரண்டாவது தகட்டில். இரண்டும் ஓரிடத்தில் ஓடி மற்றோரிடத்தில் ஓடாவிடின் குற்றம் இருக்கையில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் என்னும் இவ்விதியை மாணவர்கள் மனத்திற் பதித்தல் நலம். நான்கை ஒருங்கே மாற்றியவனுக்குக் கணினி ஓடினாலும் எதனால் ஓடிற்று என்பது தெரியாது.

தாய்ப்பலகையில் நாணயம் போன்ற ஒரு பற்றரி இருக்கும். 'சி. ஆர். 2032' என்று அதன்மீது பொறித்திருப்பர். 3 வோல்ற்று, 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்பதே அவ்வெண்ணின் பொருள். பிளக்கைக் கழற்றியிருக்கும் வேளையில் கணினியின் கடிகாரத்தை ஓடச் செய்வது இப்பற்றரியே. பல கணினிகளில் பயோஸின் அமைப்புக்களைக் காப்பதும் இதுவே. இது தீர்ந்தால் திகதி பல ஆண்டு பின்னோக்கிச் செல்லும். எந்த வட்டில் எம்முறையில் விண்டோஸ் இருக்கிறது என்பதையும் கணினி மறந்துவிடலாம்.

இவற்றுடன் உள்ளே கண்ணை ஓட்டுக. உருளை வடிவான மின்தேக்கிகளின் தலை தட்டையாக இருத்தல் வேண்டும். உப்பியோ கசிந்தோ இருப்பின் பலகை நோயுற்றது என அறிக. 2000 ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் குறையுள்ள மின்தேக்கிகள் பரவி, பல நிறுவனங்களின் தாய்ப்பலகைகள் இவ்வாறே கெட்டன. எறும்புக் கூடும் பல்லியும் நம் நாட்டுப் பெட்டிகளிற் காணத்தக்கவையே. இதனைக் கேட்டு நகைக்க வேண்டாம். 1947 செப்டம்பர் 9 ஆந் திகதி அமெரிக்காவிலே ஹாவார்ட் மார்க் 2 என்னும் கணினியில் ஏற்பட்ட குழப்பத்தை ஆராய்ந்தோர், அதன் மின்னஞ்சலி ஒன்றினுள் ஓர் அந்துப்பூச்சியைக் கண்டெடுத்தனர். அதனைக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டியும் வைத்தனர். அப்புத்தகம் இன்றும் வாசிங்டன் அரும்பொருட்சாலையில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

எழுத்துத் தோன்றி நின்றுவிட்டால்

பயோஸின் சின்னமோ ஆங்கில வரிகளோ தோன்றினால் மகிழ்ச்சி கொள்ளலாம். ஏனெனில் முதல் மூன்று படிகளைக் கணினி கடந்துவிட்டது. தொடக்கத்தக்க வட்டு இல்லை என்னும் பொருள்பட ஒரு செய்தி வருமாயின், நோய் நான்காம் படியில் உள்ளது.

தொடங்கும்போது 'டிலீற்' அல்லது 'எப் 2' விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலான மேசைக் கணினிகளிற் பயோஸின் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே நம் வட்டின் பெயர் காணப்படுகின்றதா என்று பார்க்க. பெயர் இருப்பின் வட்டு உயிருடன் இருக்கிறது. தொடக்க வரிசையில் அது பின்தள்ளப்பட்டிருக்கலாம், அல்லது தொடக்க முறை மாறியிருக்கலாம். பெயர் இல்லையாயின், பிளக்கைக் கழற்றிவிட்டு, வட்டுக்குச் செல்லும் தரவு வயரையும் மின் வயரையும் கழற்றி மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும்.

இவ்விடத்திற் காதையும் உபயோகிக்க வேண்டும். சுழலும் வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்று ஒழுங்கான ஓசை வருமாயின் உடனே கணினியை நிறுத்துக. வன்தட்டின் வாசிக்கும் முனை, தட்டின் மேற்பரப்பைத் தொடாமல் மயிரிழையினும் பன்மடங்கு குறைந்த இடைவெளியில் மிதந்து செல்வது. அது தடுமாறும் நிலையில், "இன்னும் ஒரு முறை போட்டுப் பார்ப்போம்" என்று தொடக்கும் ஒவ்வொரு முறையும் எஞ்சிய தரவுக்கு ஆபத்தே. 'எஸ். எஸ். டி.' எனப்படும் புதிய வகை வட்டிற் சுழலும் பகுதி இல்லை. ஆதலின் அது முன்னறிவிப்பு எதுவும் தராமல் ஓய்ந்துவிடுவதும் உண்டு.

விண்டோஸ் தொடங்கிச் சரிந்தால்

விண்டோஸின் சின்னம் தோன்றிய பின் கணினி நின்றுவிட்டாலோ, மீண்டும் மீண்டும் தொடங்கினாலோ, நோய் ஐந்தாம் படியில் உள்ளது. பெரும்பாலும் இது மென்பொருளின் குற்றம். தொடர்ந்து சில முறை தொடங்கத் தவறினால் விண்டோஸ் தானாகவே ஒரு மீட்புப் பக்கத்தைத் திறக்கும். தொடக்கத்தைத் தானே திருத்த முயல்வது, அண்மையிற் புகுந்த புதுப்பிப்பை நீக்குவது, முன்னைய ஒரு நாளின் நிலைக்குத் திரும்புவது, இன்றியமையாதவற்றை மட்டும் ஏற்றும் 'பாதுகாப்பு நிலை'யில் தொடங்குவது ஆகிய வழிகள் அங்கே உண்டு. இவை நம் சொந்தக் கோப்புக்களை அழிப்பதில்லை. 'கணினியை மீளமைத்தல்' என்னும் வழி மட்டும் வேறானது. கோப்புக்களை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் நீக்கவா என்று அது கேட்கும். அவ்விடத்திற் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவோர் பின்னர் கண்ணீர் விட நேரும்.

இதற்கு உலகம் கண்ட பெரும் உதாரணம் ஒன்றுண்டு. 2024 ஜூலை 19 ஆந் திகதி, கிறவுட்ஸ்ரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பினால், சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தன என்று மைக்கிரோசொவ்ற் நிறுவனம் மதிப்பிட்டது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. அக்கணினிகள் யாவற்றிலும் விளக்கு எரிந்தது, காற்றாடி சுழன்றது, திரையும் நீல நிறத்தில் ஒளிர்ந்தது. ஓர் உறுப்பும் பழுதாகவில்லை. பிழையான கோப்பினை அந்நிறுவனம் 78 நிமிடங்களில் மீட்டுக்கொண்டது. ஆயினும் ஏற்கனவே விழுந்த கணினிகளுட் பல, திருத்திய கோப்பைப் பெறும் அளவுக்குக்கூட விழிக்க முடியாதிருந்தன. அத்தகைய ஒவ்வொன்றினிடமும் ஒரு மனிதர் சென்று, பாதுகாப்பு நிலையில் அதைத் தொடக்கி, ஒரே ஒரு கோப்பினை நீக்க வேண்டியிருந்தது. படியை அறிந்தவர்களுக்கு மருந்து அவ்வளவு சிறியதாயிற்று.

அந்நாளில் வேறொரு பாடமும் கிடைத்தது. இன்று பல கணினிகளில் வட்டு முழுவதும் மறைகுறியாக்கிப் பூட்டப்பட்டிருக்கிறது. அத்தகைய கணினியைத் திருத்தும்போது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியை அது கேட்கலாம். பயோஸின் அமைப்புக்களை அழித்த பின்னரும் கேட்கலாம். அச்சாவி பெரும்பாலும் நம் மைக்கிரோசொவ்ற் கணக்கிற் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நலமாக இருக்கும் காலத்திலேயே அதனை எடுத்து, காணி உறுதியை வைப்பது போல ஒரு கடதாசியில் எழுதிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுதல் நன்று. சாவியும் வேறு பிரதியும் இல்லாதவருக்கு அவ்வட்டிலுள்ளவை அவருடையவையாயினும் எட்டாக்கனியே.

'போர்மட்' என்னும் ஒரு சொல்

எமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தினரின் கணினி ஒரு நாட் காலையிலே விண்டோஸை ஏற்ற மறுத்தது. அதனை ஒரு கடைக்குக் கொண்டு சென்றனர். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. மாலையிற் கணினி புத்தம் புதிய விண்டோஸுடன் வீடு திரும்பியது. காலமான பாட்டனாரின் குரல், அவர் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளாக அதனுள்ளே பதிவாகியிருந்தது. அது போயிற்று. வேறு பிரதி இல்லை. அதன் பின்னரும் ஒவ்வொரு காலையிலும் அக்கணினி தவறான திகதியையே காட்டிவந்தது. அப்பொழுதுதான் வேறொருவர் பார்த்து, நாணயப் பற்றரி தீர்ந்திருப்பதையும், அதனாலேயே பயோஸின் அமைப்பு மாறி முன்னைய விண்டோஸ் தொடங்காதிருந்தது என்பதையும் கண்டார். பழுதானது பற்றரி, அழிக்கப்பட்டது வட்டு!

இதிற் கடைக்காரரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. கணினியை ஓடச் செய்வது அவருடைய தொழில். அவர் அதைச் செய்தார். உள்ளே எது விலைமதிப்பற்றது என்பது உரியவருக்கே தெரியும்; அதனைச் சொல்ல வேண்டியவரும் அவரே.

வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுதல் சில வேளைகளில் தேவையானதே. ஆனால் அது கடைசி மருந்து. தரவைப் பிரதி செய்த பின்னரே கொடுக்கத்தக்க மருந்து. விண்டோஸ் தொடங்காவிட்டாலும் வட்டு நலமாயிருப்பின் கோப்புக்களை எடுக்க இரு வழிகள் உண்டு. வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் பிரதி செய்யலாம். அல்லது, உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் முறைமையை ஒரு பென் டிரைவில் ஏற்றி, வட்டில் ஒன்றையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் தொடக்கி, வேண்டியவற்றை வெளி வட்டுக்கு மாற்றலாம். பூட்டிய வட்டாயின் மீட்புச் சாவி வேண்டும். தவறுதலாக அழிந்துவிட்டதாயின், அந்த வட்டில் புதிதாக எதனையும் எழுதாமல் நிறுத்திவிடுக. புதிது எழுத எழுதப் பழையது மறைந்துகொண்டே போகும்.

திருத்துநரிடம் ஒப்படைக்கும்போது மூன்று காரியங்களைத் தெளிவாகப் பேசிக்கொள்க. "இந்தப் படி வரை வருகிறது, இதற்கு மேல் வரவில்லை" என்று நோயின் குறியைக் கூறுக. "என்னைக் கேட்காமல் வட்டை அழிக்க வேண்டாம்" என்று எழுத்திற் கொடுக்க. மாற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தருமாறு கேட்க. நேர்மையான திருத்துநர் இவற்றால் மனம் வருந்தார். தம் வேலை எளிதாயிற்று என்று மகிழ்வார்.

வருமுன் காத்தல்

இவ்வளவும் வந்தபின் செய்யும் வைத்தியம். வருமுன் காப்பதற்குச் செலவு குறைவு. முக்கியமான கோப்புக்களுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே, உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கிக்கொள்ளும் மாணவனைப் பரீட்சைக்கு முந்திய இரவு அச்சுறுத்தாது.

2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டதை எவரும் மறந்திரார். கணினி எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் திடீரென்று நிற்பது கோப்புக்களையும் சில வேளை வட்டையும் கெடுக்கும். 'யூ. பி. எஸ்.' எனப்படும் பற்றரிப் பெட்டி ஒன்று இருப்பின் ஒழுங்காக மூடுவதற்குச் சில நிமிட அவகாசம் கிடைக்கும். பருவக் காற்றுக்களுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்பிரில் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடி மின்னல் மிகுதி. வானம் கறுக்கும்போது சுவிச்சை நிறுத்துவது மட்டும் போதாது. பிளக்கையும், இணையத்துக்காக வரும் வயரையும் கழற்றிவிடுதல் வேண்டும்.

மாணவர்களுக்கு இறுதியாக ஒரு சொல். விழிக்க மறுக்கும் கணினியின் முன்னே அமர்ந்து, கண்டதைக் குறித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, விளைவை நோக்கி, அடுத்த படிக்குச் செல்பவன், விஞ்ஞான ஆய்வுகூடத்தில் நாம் கற்பிக்க முயலும் அதே முறையைத் தன் வீட்டிலே பயில்கிறான். அவனால் அந்தக் கணினியைத் திருத்த முடியாமற் போகலாம். அது பெரிதன்று. எந்தப் படியில் நின்றது என்று சொல்லவும், பாட்டனாரின் குரலை முதலில் எடுத்து வைக்கவும் தெரிந்திருந்தால், அந்த வீட்டுக்கு அவன் செய்த உதவி எந்தத் திருத்துநர் செய்ததிலும் குறைந்ததன்று.